பெயரும் தொகையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். நாம் மணியோசையைப் பற்றிப் பேச எண்ணி வந்துள்ளோம். பள்ளிக்கூட மணியன்று, இங்கிலாந்து நாட்டுக் கிராமத் தேவாலயங்களின் மணி. அதற்கும் கல்விக்கும் உள்ள உறவு போகப் போக விளங்கும்.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் மடிந்த தன் வீரர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவரப் பிரிட்டிஷ் அரசு இசையவில்லை. வீழ்ந்த மண்ணிலேயே புதைத்தார்கள். பிள்ளையின் புதைகுழியைக் காண வழியற்ற பெற்றோர், ஊர்த் தேவாலயச் சுவரிலோ முற்றத்திலோ கல் நாட்டி, மாண்டவர் பெயர்களை வெட்டி வைத்தனர். பல ஊர்களில் பதவி பாராமல் அகர வரிசையிலேயே வெட்டினர். பண்ணை முதலாளியின் மகனுக்கு அடுத்த வரியில் அதே பண்ணையில் ஏர் பிடித்தவன் பெயர் இருக்கும்.

நூறாண்டு கழிந்தது. அப்பெயர்களுக்கு உரியவரை அறிந்தோர் எவரும் உயிரோடு இல்லை. முன்னெழுத்து ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று. அவ்வளவே கல்லில் எஞ்சியிருந்தது. 2014 முதல் 2018 வரையிலான நூற்றாண்டு நினைவுக் காலத்தில், பற்பல ஊர்களின் திருச்சபை மக்கள், "இவர்கள் யார்?" என்று தேடப் புறப்பட்டனர். இவர்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்லர். பெரும்பாலும் ஓய்வு பெற்றோரும் இல்லத்தரசிகளுமே. தேடலும் எளிதாக இல்லை. அப்போரில் பணியாற்றிய வீரர்களின் ஆவணங்களில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு, 1940ஆம் ஆண்டில் இலண்டன் மீது விழுந்த குண்டுகளால் எரிந்து போயின. ஆகவே திருமுழுக்குப் பதிவேடு, 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு, பழைய உள்ளூர்ச் செய்தித்தாள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். சேர்க்கைப் பதிவேட்டை வெறும் காகிதச் சுமை என்று நாமும் சலித்துக்கொண்டதுண்டு. இனிச் சலித்துக்கொள்ள மாட்டோம்.

தேடிக் கண்டதை ஏட்டோடு நிறுத்தவில்லை. ஒருவன் மாண்ட நாளின் நூறாம் ஆண்டு நிறைவில் அவன் வரலாற்றைப் படித்து, அவனுக்காக மணி ஒலித்த தேவாலயங்கள் பல. அந்நாட்டில் ஒரு கோபுரத்தில் ஆறு மணிகளோ எட்டு மணிகளோ தொங்கும். ஒரு கயிற்றுக்கு ஓர் ஆள் நின்று, ஒருவர்பின் ஒருவராக முறை மாற்றி இழுக்க வேண்டும். துக்க நாளில் மணி நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் தோலுறை கட்டுவார்கள். ஓர் அடி கணீரென்று விழும். அடுத்த அடி எங்கோ தொலைவிலிருந்து வருவது போல் மங்கிக் கேட்கும். அப்போரில் மணியடிப்போரே 1,400 பேர் மாண்டனர் என்று அவர்கள் சங்கம் கணக்கிட்டது. அந்த இடங்களை நிரப்பப் புதிதாக 1,400 பேரைப் பழக்குவது என்று முடிவு செய்து, அதற்கு மேலும் ஆட்களைச் சேர்த்து, 2018 நவம்பர் 11ஆம் நாள் நாடு முழுவதும் மணிகளை ஒலித்தார்கள்.

லிங்கன்ஷயரில் ஃபுல்ஸ்டோ என்னும் சிற்றூரைப் பற்றி இங்கே சொல்லாமல் போக நமக்கு மனமில்லை. அவ்வூரைச் சேர்ந்த சார்லஸ் கிர்மன் என்பவரைப் படையை விட்டு அகன்ற குற்றத்திற்காக 1917இல் சொந்தப் படையினரே சுட்டுக் கொன்றனர். நினைவுக்கல்லில் அவர் பெயர் கூடாது என்ற நிலை எழுந்தபோது, "அவன் பெயர் இல்லையேல் எங்கள் பிள்ளைகளின் பெயரும் வேண்டா" என்று ஊரார் மறுத்துவிட்டனர். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வூரில் நினைவுக்கல்லே இல்லை. 2005ஆம் ஆண்டில்தான், கிர்மன் பெயரையும் சேர்த்துக் கல் பதித்தார்கள். தள்ளப்பட்ட ஒருவனுக்காக ஓர் ஊர் தன் பிள்ளைகளின் கல்லையே துறந்து நின்றது! அவ்வூராரை நாம் வணங்குகிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். அதே போருக்கு நம் நாட்டிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். சென்னை மாகாணத்துச் சாப்பர்ஸ் மைனர்ஸ் படையிலும் பயனியர் படைகளிலும் ஆதிதிராவிடர் பலர் இருந்தனர். பாதை வெட்டுவதும் பாலம் கட்டுவதும் பதுங்குகுழி தோண்டுவதும் அவர்கள் பணி. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் உண்டு. இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றவர் 277 பேர், உயிர் நீத்தவர் 14 பேர் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. பெயர் ஒன்றேனும் இல்லை. அந்த 14 பேரில் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்டால் கல் என்ன விடை சொல்லும்? ஈராக்கில் 1929இல் திறந்த பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கதைதான். அதிகாரிகளுக்குப் பெயர், இந்தியச் சிப்பாய்களுக்குத் தொகை.

பதவியோ சமயமோ பாராமல் அனைவரையும் ஒருபடித்தாக நினைவுகூர்வோம் என்று கொள்கை வகுத்த போர்க்கல்லறை ஆணையமே, 2021இல் தன் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயர் குறித்து நினைவுகூரப்படவில்லை; இந்தியர் உட்பட 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நடத்தப்பட்டனர் என்பது அவ்வறிக்கையின் கணக்கு.

நம் ஊர்களில் இழவுக்கு இசைக்கும் கடமை எவர் தலையில் கட்டப்பட்டிருந்தது என்பதை இவ்வவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் நம் பாட்டன்மார் பறை முழக்கினர். கடலுக்கு அப்பால் மாண்ட நம்மவனுக்கு முழக்கியவர் எவர்?

சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவன் ஒருவன் கறுத்துப்போன பதக்கம் ஒன்றைக் கொண்டுவந்து, "ஐயா, இது வெள்ளியா?" என்று கேட்டான். விற்பதற்கு முன் விலை அறிந்துகொள்ள வந்திருந்தான். புளியிட்டுத் தேய்த்தோம். வெள்ளிதான். அப்போரின் பதக்கங்களில் விளிம்பிலே படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவற்றைப் பொறித்துக் கொடுத்தார்கள். உழைப்புப் படையினர்க்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள், அதிலும் பேதம்! விளிம்பைத் திருப்பித் திருப்பி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தோம். "பட்டாளத்தார் வீடு" என்று நான்கு தலைமுறையாக ஊர் அழைத்துவந்த அவ்வீட்டில், அந்தப் பட்டாளத்தாரின் பெயரை அறிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை. அன்று அறிந்துகொண்டார்கள். பதக்கத்தை விற்கவில்லை.

சங்கத்தில் ஒரு பேரேடு வாங்கி வைத்துள்ளோம். முதற்பக்கத்தில் அந்தப் பெயரும் படை எண்ணும் ஏறியிருக்கின்றன. இரண்டாம் பக்கம் வெறுமையாக உள்ளது. இளைஞர்களே, வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பதக்கமோ ஓய்வூதியத் தாளோ படைவிலகல் சீட்டோ கிடைத்தால் எடுத்து வாருங்கள். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இருப்போம். பேரேட்டின் பெயர்களைப் படிக்கும் நாளில் முழக்குவதற்கு நம் பறைக்குழுவினரும் இசைந்துள்ளனர்.