பெங்களூரில் நான் ஏறிய வண்டிகள்

(கிளையின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

"பெங்களூருக்குப் போய் வந்தீர்களே, அங்கே கண்டதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கோயில் குளங்களைப் பற்றியும் பட்டுச் சேலைக் கடைகளைப் பற்றியும் சொல்வேன் என்று தாய்மார்கள் எதிர்பார்த்திருக்கலாம். மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது வாடகை மோட்டாரையும் ஆட்டோவையும் பற்றித்தான். ஏனென்றால், அந்த ஊரில் ஒரு வாரம் நான் வண்டியில் ஏறி இறங்கியதில் ஒரு தவறு செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொல்ல இந்தச் சபையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

என் தம்பி மகள் பெங்களூரில் படிக்கிறாள். அவளைப் பார்க்க 2025 டிசம்பரில் போனேன். கைப்பேசியில் வண்டி அழைப்பது நமக்குப் புதிதல்ல. 2012-இல் மைடெக்சி என்று கோலாலம்பூரில் தொடங்கியதுதான் இன்று கிராப் என்று உங்கள் பிள்ளைகள் கையில் இருக்கிறது. இந்தியாவில் இதற்கு முன்பே, 2010-இல், ஓலா என்ற நிறுவனம் தோன்றிவிட்டது. அமெரிக்காவின் ஊபர் 2013-இல் வந்தபோது முதலில் கால் வைத்தது பெங்களூரில்தான். ஆனால் நம் ஊரில் நான் ஒரு நாளும் அந்தச் செயலியைத் தொட்டவனல்ல. பிள்ளைகள் அழைப்பார்கள், நான் ஏறிக்கொள்வேன். அங்கே போனபிறகுதான் தம்பி மகள் என் கைப்பேசியிலேயே அதை இறக்கி, "பெரியப்பா, இனி நீங்களே கூப்பிட்டுப் பழகுங்கள்" என்றாள்.

விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில். அங்கிருந்து நகரின் நடுப்பகுதிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பிற்பகல் நேரம். செயலியில் 940 ரூபாய் என்று காட்டியது. நம் பணத்தில் 40 வெள்ளிக்கு மேல். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துப் போட்ட மோட்டார் வந்து நின்றது. அந்த நாட்டில் வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளம். சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகை. நமக்கு வந்த எண்ணும் பலகையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் நான்கு இலக்க எண் ஒன்று கேட்பார். அது நம் கைப்பேசியில் இருக்கும். அதைச் சொன்னால்தான் பயணம் தொடங்கும். நல்ல ஏற்பாடு. வேறொருவர் நம் வண்டியில் ஏறிப் போக முடியாது.

வழியெல்லாம் மெட்ரோ ரயிலுக்குத் தூண் கட்டும் வேலை. ஒரே புழுதி. ஹெப்பாள் மேம்பாலத்தருகே வண்டிகள் எறும்பு வரிசையாக நின்றன. வெயில் கண்ணாடி வழியே முகத்தில் அடிக்கிறது. "தம்பி, ஏ.சி. போடுங்கள்" என்றேன். "போட்டா எனக்குக் கட்டாது சார், கண்ணாடிய இறக்கிக்கங்க" என்றார் அவர். இறக்கினேன். புழுதி உள்ளே வந்தது. நான் கொடுக்கும் காசுக்கு ஏ.சி. உண்டா இல்லையா என்று எனக்குக் கோபம். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கிய பிறகு கைப்பேசி கேட்டது: பயணம் எப்படி, எத்தனை நட்சத்திரம்? ஐந்தில் இரண்டைத் தட்டினேன். என்ன குறை என்று அடுத்துக் கேட்டது. சில கட்டங்கள் இருந்தன. ஏ.சி. என்ற கட்டம் என் கண்ணில் படவில்லை. "ஓட்டுநர் நடத்தை" என்று ஒன்று இருந்தது. அதைத் தட்டிவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டேன். இவ்வளவும் அரை நிமிடம்கூட ஆகவில்லை, தோழர்களே!

மறுநாள் அல்சூரிலிருந்து ஜெயநகருக்கு ஒரு நண்பரைப் பார்க்கப் போக வேண்டும். அல்சூர் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. தெருவில் நின்றால் தமிழ் காதில் விழும். இம்முறை ஆட்டோ அழைத்தேன். முதலில் ஒருவர் போன் செய்து, "டிராப் எங்க? கேஷா, ஆன்லைனா?" என்றார். சொன்னேன். வண்டி வராமலே போய்விட்டது. இரண்டாமவரும் அப்படியே. மூன்றாவதாகப் பச்சை உடம்பும் மஞ்சள் கூரையுமாக ஓர் ஆட்டோ வந்தது. ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். கைப்பிடிக்கு முன்னால் இரண்டு கைப்பேசிகளை மாட்டி வைத்திருந்தார். "ரெண்டு எதுக்கு தம்பி?" என்றேன். "ஒரு கம்பெனில சவாரி வரலேன்னா இன்னொன்னுல வரும் ஐயா. வீட்ல அரிசி வேகணுமே" என்றார்.

அந்தப் பயணத்துக்குச் செயலி காட்டியது 190 ரூபாய். தூரம் 9 கிலோமீட்டர். நான் கிராணியல்லவா, கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? பெங்களூரில் 2025 ஆகஸ்டு முதல் அரசாங்கம் வைத்த ஆட்டோ கட்டணம், முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். அப்படியானால் 162 ரூபாய்தான் வரவேண்டும். மிச்சம் 28 ரூபாய் யாருக்கு என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அத நீங்க கம்பெனியத்தான் கேக்கணும் ஐயா" என்றார்.

இந்த வழக்கு பெங்களூரில் பழையது. குறைந்த கட்டணம் 30 ரூபாயாக இருந்த 2022-ஆம் ஆண்டில், செயலி வழியாக ஏறினால் சிறு தூரத்துக்கும் 100 ரூபாய் வாங்குகிறார்கள் என்று மக்கள் முறையிட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை, பெரிய நிறுவனங்கள் மூன்றையும் ஆட்டோ சேவையை நிறுத்தும்படி உத்தரவிட்டது. வழக்கு நீதிமன்றம் போயிற்று. முடிவில் அரசாங்கக் கட்டணத்துக்கு மேல் 5 விழுக்காடும் வரியும்தான் வாங்கலாம் என்று அரசு விதித்தது. 2024-இல் உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த 2022 நவம்பரில்தான் ஆட்டோ ஓட்டுநர் சங்கமே முன்னின்று 'நம்ம யாத்ரி' என்ற செயலியைக் கொண்டுவந்தது. சவாரிக்குச் சவாரி பங்கு பிடிக்காமல், நாளைக்கு 25 ரூபாய் கட்டினால் போதும், ஓடியது முழுதும் ஓட்டுநருக்கே என்ற முறையை அது 2023-இல் வகுத்தது. பிறகு பெரிய நிறுவனங்களும் ஆட்டோவைப் பொறுத்தமட்டில் அதே வழிக்கு வந்தன.

வரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2022 ஜனவரி முதல், செயலி வழியாக அழைத்த ஆட்டோவுக்கு 5 விழுக்காடு வரி. அதே ஆட்டோவைத் தெருவில் கைகாட்டி நிறுத்தினால் வரி கிடையாது! வண்டி ஒன்று, சாலை ஒன்று, ஏறுகிற ஆளும் ஒன்று.

மீட்டர் வண்டியிலும் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரைப் பங்கு கட்டணம் உண்டு. அது அரசாங்கம் எழுதிவைத்த மணி நேரம். மணியைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். செயலியின் விலையோ மழை பெய்தால் ஏறும், ஆபீஸ் விட்டால் ஏறும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். கூட்ட நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு வரை போகலாம் என்று இந்திய அரசின் 2025-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. முன்பு, 2020-இல், ஒன்றரை மடங்குதான் எல்லையாக இருந்தது.

அது நிற்க. விஷயத்துக்கு வருகிறேன்.

சிக்னலில் நின்றபோது அந்தத் தம்பி சொன்னார்: "போன மாசம் மூணு நாள் என் ஐடிய பிளாக் பண்ணிட்டாங்க ஐயா. யாரோ ஒரு கஸ்டமர் ஏதோ அமுக்கிட்டார். யாருன்னும் தெரியாது, என்னத்துக்குன்னும் தெரியாது. போன் பண்ணா மிஷின் பேசுது. ஒன்ன அமுக்கு, ரெண்ட அமுக்குங்குது. மனுசன் ஒருத்தன் வரல. வண்டிக்கு டியூ கட்டற வாரம் அது." கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்து வெட்டு நின்றுபோனதைச் சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னார்.

தோழர்களே, எனக்கு அப்போது முகம் சுண்டிவிட்டது. முந்தின நாள் மோட்டார் ஓட்டிய பிள்ளையின் நினைவு வந்தது. அவருக்கு நான் என்ன எழுதினேன்? "நடத்தை." அவர் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசினாரா? இல்லை. ஏ.சி. போட்டால் எண்ணெய்ச் செலவு கட்டுபடியாகாது என்று உள்ளதைச் சொன்னார். ஹைதராபாத்தில் 2024 ஏப்ரலில் ஓட்டுநர் சங்கத்தார் இதே காரணத்துக்காக 'ஏ.சி. கிடையாது' என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. முன்னால் தெரிந்திருந்தால் மட்டும் அந்தப் புழுதியில் நான் யோசித்திருப்பேனா என்பது வேறு.

உங்களில் மூத்தவர்களுக்கு ஒரு சம்பவம் நினைவிருக்கும். பால் ஸ்டோரில் நிறுவைக்கு நான் நின்ற காலம். ஓர் அம்மாளின் வாளிப் பாலில் மெட்ரோலேக்கை விட்டுப் பார்த்தேன். கணக்கு மிகவும் குறைவாக வந்தது. தண்ணீர் கலந்தது என்று புத்தகத்தில் எழுதிவிட்டேன். மறுநாள் பெரட்டு முடிந்ததும் கிளைத் தலைவர் ஆபீஸ் வாசலில் நின்றார். அந்த அம்மாளும் நின்றார். "கிராணியாரே, விடியற்காலை அந்த நிரையில் தூறல் விழுந்ததா இல்லையா? தண்டலைக் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்றார் தலைவர். தண்டல் வந்தார், விழுந்தது என்றார். துரை விசாரித்தார். நான் எழுதியது அடிக்கப்பட்டது. எல்லார் முன்னிலும் என் கையாலேயே அடித்தேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. உங்கள் சங்கத்தை மனத்துக்குள் திட்டினேன். இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

அந்த அம்மாளுக்கு நிற்க ஒரு வாசல் இருந்தது. எழுதியவன் முகம் தெரிந்தது, என்ன எழுதினான் என்பதும் தெரிந்தது. பெங்களூர்ப் பிள்ளைக்கு எந்த வாசல்? நான் எழுதியதை அடிக்கலாம் என்று அன்றிரவு தம்பி மகளை உட்கார வைத்துச் செயலியைத் தேடச் சொன்னேன். அரை மணி நேரம் தேடினாள். மாற்றும் இடம் எங்களுக்கு அகப்படவில்லை. கடிதம் எழுதும் இடம் ஒன்று இருந்தது. அதில் எழுதினேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று நொடியில் பதில் வந்தது. நொடியில் வந்ததால் அதை எந்த மனிதரும் படிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இதைச் சட்டம் போட்டு மாற்ற முயல்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ராஜஸ்தான் 2023-இல் முதல் சட்டம் செய்தது. கர்நாடகம் 2025-இல் செய்த சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: ஓட்டுநரை நீக்க வேண்டுமானால் காரணம் காட்டி 14 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தரவேண்டும். ஒவ்வொரு சவாரியிலும் ஓட்டுநருக்குப் போகும் தொகையின்மேல் 1 முதல் 5 விழுக்காடு கணக்கிட்டு நிறுவனம் நலநிதிக்குக் கட்டவேண்டும் என்றும் அதில் உண்டு. இந்திய மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-இல் இயற்றப்பட்டு, ஐந்து ஆண்டு அலமாரியில் கிடந்து, 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நான் போனது அதற்கு அடுத்த மாதம். அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அப்படியா ஐயா?" என்றார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிரிட்டனில் உச்சநீதிமன்றமே 2021 பிப்ரவரியில், ஊபர் ஓட்டுநர்கள் தனி முதலாளிகள் அல்ல, தொழிலாளர் உரிமைக்கு உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் இவர்களுக்கென்று தனிச் சட்டம் நடக்கிறது. நம் மக்களவையும் 2025 ஆகஸ்டில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இன்று பட்டணத்தில் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இந்த வேலை செய்கிறார்கள் என்பது, இங்கே முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருவருக்காவது எந்தச் சங்கத்தில் சேர்வது என்று தெரியுமா? கிளைச் செயலவை இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜெயநகரில் இறங்கி 200 ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். வெளிநாட்டு ஆள் கையில் சில்லறை இருக்காது, அவர் கையிலும் இல்லை. பத்து ரூபாயை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னேன். "பத்து ரூபா வேணாம் ஐயா, அஞ்சு ஸ்டார மட்டும் மறக்காதீங்க" என்றார். பத்து ரூபாயையும் வாங்கிக்கொள்ளச் செய்து, அவர் பார்க்கும்படியே ஐந்தையும் தட்டிக் காட்டினேன். அதற்குள் இரண்டாவது கைப்பேசி மணி அடித்தது. "ஜெயநகர் நாலாவது பிளாக், வரேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பிவிட்டார்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். பெங்களூர் போகிறவர்கள் சில்லறை நோட்டாக மாற்றி எடுத்துப் போங்கள். அந்த நான்கு இலக்க எண்ணை வண்டிக்குள் உட்காருமுன் யாருக்கும் சொல்லாதீர்கள். செயலியை எப்படி இறக்குவது என்று கேட்கும் தாய்மார்களுக்குத் தேநீர் நேரத்தில் என் கைப்பேசியிலேயே காட்டுகிறேன்.