பதில் சொன்னது யார்? கோபுரமில்லா விமான நிலையங்களில் ரேடியோப் பேச்சு

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துள்ள விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை அவற்றில் பத்தில் ஒரு பங்கு அளவே. மற்ற இடங்களில் இறங்கவோ ஏறவோ அனுமதி தர ஆளில்லை. விமானி தாம் இருக்கும் இடத்தையும் அடுத்துச் செய்யப்போவதையும் பொது அலைவரிசையில் அறிவிக்கிறார். கேட்பவர்கள் அதற்கேற்ப நடந்துகொள்கிறார்கள். இவற்றில் பெரும்பாலான இடங்களில் ரேடியோ வைத்திருப்பதுகூடச் சட்டப்படி கட்டாயமில்லை. மோதல் நிகழும்போதெல்லாம் விமானிகள் இன்னும் அதிகமாக அறிவித்திருக்க வேண்டும் என்ற பரிந்துரை எழுகிறது. என் கருத்து வேறு. அறிவிப்புகளின் எண்ணிக்கை அல்ல, ஒரே ஓடுபாதையை இருவர் நாடும் கணத்தில் நிகழும் கேள்வியும் பதிலும் முழுமை பெறாமல் விடுபடுவதே ஆபத்தின் வேர்.

1996 நவம்பர் 19 அன்று மாலை இல்லினாய் மாநிலத்துக் குவின்சியில் நடந்ததைப் பாருங்கள். பத்துப் பயணிகளுடன் வந்த பீச் 1900 விமானம் 13ஆம் ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டிச் செல்லும் 4ஆம் ஓடுபாதையில் ஒரு கிங் ஏர் விமானம் நின்றது; அதன் பின்னால் செரோக்கி என்ற சிறிய விமானம். இறங்கும் விமானத்தின் குழுவினர் பலமுறை அறிவித்தார்கள். அதோடு நிற்காமல், 4இல் நிற்பவர் காத்திருப்பாரா, கிளம்புவாரா என்று நேரடியாகக் கேட்கவும் செய்தார்கள். பதில் வந்தது. ஆனால் பேசியவர் கிங் ஏர் விமானி அல்ல, பின்னால் நின்ற செரோக்கியின் விமானி. அவருடைய பேச்சின் ஒரு பகுதி, இறங்கும் விமானத்துக்குள் ஒலித்த தானியங்கி உயர அறிவிப்பில் அமிழ்ந்துபோனது. கிங் ஏர்தான் காத்திருப்பதாகச் சொல்கிறது என்று குழுவினர் நம்பினார்கள், நன்றியும் சொன்னார்கள். அந்த நன்றியைக் கேட்டும் எவரும் திருத்தவில்லை. கிங் ஏர் ஓடத் தொடங்கியது. சந்திப்பில் நடந்த மோதலிலும் தீயிலும் இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். கிங் ஏரில் இருந்தவர்கள் அலைவரிசையைச் சரிவரக் கவனிக்கவில்லை, சுற்றிலும் பார்க்கவில்லை என்பதே விசாரணையின் முதன்மை முடிவு. செரோக்கியின் அரைகுறைப் பதில் துணைக் காரணமாகக் குறிக்கப்பட்டது. எனக்கோ இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கத் தோன்றுகிறது. அந்தப் பதில் வராமலே இருந்திருந்தால் குழுவினருக்கு ஐயம் எஞ்சியிருக்கும். ஐயம் இருந்தால் மேலெழும்பிச் சுற்றி வந்திருக்கக்கூடும்.

கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில் 2022 ஆகஸ்ட் 18 அன்று நடந்தது இதன் மறுபக்கம். அங்கே இரு விமானிகளும் ஒழுங்காகவே அறிவித்தார்கள். சுற்றுப்பாதையில் பறந்த செஸ்னா 152, நேர்கோட்டில் சுமார் 180 நாட் வேகத்தில் வந்த செஸ்னா 340, இரண்டும் ஒரே ஓடுபாதையை நாடின. யார் முந்துவது என்பது மட்டும் பேசித் தீர்க்கப்படவில்லை. மூவர் உயிரிழந்தார்கள். குவின்சியில் பேச்சு தவறான ஆளோடு முடிந்தது. இங்கே முடியவே இல்லை.

அப்படியானால் ரேடியோவை நம்பாமல் கண்ணையே நம்பலாமே என்று கேட்கலாம். ஒரு பொருளைக் கண்டு, மோதும் என்று உணர்ந்து, விமானத்தைத் திருப்பி முடிக்கச் சுமார் 12.5 விநாடி ஆகும் என்கிறது அமெரிக்க விமானத்துறையின் வழிகாட்டி. எங்கே பார்ப்பது என்று முன்பே அறிந்தவரின் ஒரு விநாடித் தேடல், அறியாதவரின் எட்டு விநாடித் தேடலுக்குச் சமம் என்று எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தின் சோதனைகள் காட்டின. ஆக, கண்ணுக்குத் திசை காட்டுவதே ரேடியோவின் வேலை. கண்ணை ஓய்வெடுக்க விடுவதல்ல. எல்லா நிலையத்திலும் கோபுரம் கட்டுவது என்பது செலவை நினைத்தாலே நடக்காத காரியம். கட்டினாலும் தீர்வாகாது: 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில், கோபுரம் இருந்தும், ஓடுபாதையில் நிறுத்தப்பட்டிருந்த சிறு விமானத்தின்மீது பெரிய விமானம் இறங்கியது.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. பல நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்கின்றன. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சொலிதான் மிஞ்சும். இதில் கூடுதல் பேச்சைச் சேர்ப்பதா? சேர்க்க வேண்டாம், குறைப்போம். அருகில் இருப்போர் அனைவரும் தெரிவிக்கவும் என்ற பொது வேண்டுகோளை அமெரிக்க வழிகாட்டிகள் ஏற்கெனவே தவிர்க்கச் சொல்கின்றன. அதை விமானிகள் விடுவதாகத்தான் இல்லை. மிச்சமாகும் விநாடிகளை, ஓடுபாதைக்கு இருவர் போட்டியிடும் தருணத்துக்கு ஒதுக்கலாம். கேட்பவர் குறிப்பிட்ட விமானத்தைச் சுட்டிக் கேட்கட்டும். அந்த விமானம் மட்டும் தன் அழைப்புப் பெயரையும் இடத்தையும் சொல்லி, காத்திருப்பதா இல்லையா என்று பதில் தரட்டும். பெயரில்லாத பதிலும் பாதி கேட்ட பதிலும் பதிலே அல்ல என்று கொண்டு இறங்குபவர் மேலெழும்பட்டும். ரேடியோவே இல்லாத பழைய விமானம் அந்த இடத்தில் இருந்தாலும் இதே விதி காப்பாற்றும், ஏனெனில் மௌனத்தை அது சம்மதமாகக் கொள்வதில்லை. பயிற்சிப் பள்ளிகள் இதை எந்தக் கட்டத்தில் கற்பிப்பது, சொற்றொடரை எப்படி வகுப்பது என்பவற்றை இன்றைய முதல் அமர்வின் விவாதத்துக்கு விடுகிறேன்.