மிகுபொருள் விரும்பாமையும் மலிந்த கடனும்



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. நிலம், வீடு, பொன், தானியம் முதலியவற்றுக்கு 'இவ்வளவே போதும்' என்று தாமே எல்லை வகுத்துக்கொள்வது அது. அவ்வெல்லை தவறினால் விளைவது யாது என்பதை அமெரிக்க நாட்டின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

2001ஆம் ஆண்டு பிறந்தபோது 6.5 விழுக்காடாக இருந்த வட்டியை அந்நாட்டு மைய வங்கி படிப்படியாகக் குறைத்து, 2003 ஜூனில் 1 விழுக்காடாக்கியது. தொழில் மந்தத்தைப் போக்குவதே நோக்கம். மலிந்த கடனோ வீட்டுச் சந்தையில் பாய்ந்தது. வீட்டு விலை ஏறியது. ஏறிய விலையைப் பிணையாக்கி மக்கள் மேலும் கடன் பெற்றுச் செலவிட்டனர். வருவாயைச் சரிவர ஆராயாமலே பலருக்குக் கடன் வழங்கப்பட்டது. 2006 ஜூனில் வட்டி 5.25 விழுக்காட்டை எட்டியது. தவணைகள் உயர்ந்தன, வீட்டு விலை வீழ்ந்தது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலாயிற்று. 2009 அக்டோபரில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது.

வேலை இழந்தோருள் அளவறிந்து வாழ்ந்தவரும் இருந்தனர். பிறரது ஆசை அவர்தம் அடுப்பையும் அணைத்தது. ஆதலின், பொருளுக்கு வரம்பு வகுத்தல் சிக்கனம் மட்டுமன்று. இன்னா செய்யாமையின் ஒரு கூறும் ஆகும்.

வட்டி குறைந்தது என்பதால் நம் வருவாய் கூடிவிடுவதில்லை. வீட்டுக்கடன் பெறுமுன், வட்டி 2 விழுக்காடு ஏறினும் தவணை செலுத்த இயலுமா என்று கணக்கிடுங்கள். அக்கணக்கே நமக்குரிய எல்லையை உணர்த்தும்.

வாழ்க அறம்!