வேட்டினால் கருங்கல் பிளக்கும் விதம்
(அத்திப்பட்டு ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



அத்திப்பட்டைச் சுற்றிலும் மணலும் களியுமே. கண்ணுக்கெட்டிய தூரம் குன்று கிடையாது. ஆயினும் அருகே எண்ணூரில் 2001-ஆம் வருஷம் திறக்கப்பட்ட துறைமுகத்தைக் கடலலையினின்று காப்பவை கற்களைக் குவித்துக் கட்டிய இரு அலைதடுப்புச் சுவர்களேயாம். அவ்வளவு கல்லும் வெளியிலிருந்து வந்ததே. சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்துக் குன்றுகளில் அகப்படும் கருங்கல்லினத்திற்கு 1893-இல் ஹாலந்து என்னும் பூதத்துவ சாஸ்திரி சார்னக்கைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக் துரையின் கல்லறைக்கல் அவ்வினத்தது என்பதே காரணம்.

கல்லுடைப்போர் வரிசையாய்க் குழி கொத்தி, ஆப்பு வைத்து, சம்மட்டியால் சிறுகச் சிறுக இறுக்குவர். விசை மெள்ள ஏறுமாதலால், எல்லாவற்றிலும் பலவீனமான ஒரு கீறல் முதலில் திறந்து ஓடும். அது திறந்தவுடன் மற்ற இடங்களின் இறுக்கம் தளர்ந்துவிடும். பாறை இரண்டு பாளமாகும்.

வேட்டின் கதை வேறு. தமர் எனப்படும் துளையில் டைனமைட்டு வெடித்ததும், அவ்வதிர்ச்சி கருங்கல்லினுள் விநாடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒரு கீறல் திறந்து மற்றவற்றின் இறுக்கத்தைத் தளர்த்துமுன்னரே நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் ஒருங்கே திறக்கின்றன. கல் பல துண்டாகிறது. மேலும், கருங்கல் நசுக்குதலைத் தாங்குமளவில் ஏறக்குறைய பத்திலொரு பங்கே இழுத்தலைத் தாங்கும். நசுக்கிக்கொண்டு செல்லும் அதிர்ச்சி பாறையின் திறந்த முகத்தை எட்டியதும் இழுப்பாகத் திரும்பி, முகத்திலிருந்து உள்நோக்கி உரிக்கிறது. பின்னரே வெடிவாயு கீறல்களில் புகுந்து துண்டுகளைத் தள்ளுகிறது. திறந்த முகமில்லாத இடத்தில் வைத்த வேட்டு, வழியின்றி மேல்நோக்கிக் கல்லை வீசும்.

மருந்தை அதிகம் திணிப்பதே கெட்டிக்காரத்தனம் என்று எண்ணுவோர் உளர். ரஸ்தா ஜல்லிக்குத் துண்டு சிறுத்தால் நஷ்டமில்லை. அலைதடுப்பின் முகப்புக்கோ டன் கணக்கில் எடையுள்ள முழுக்கல் வேண்டும். சிறுகல்லை அலை உருட்டிக்கொண்டு போய்விடும். அதற்கு மருந்தைக் குறைத்து, தமர்களின் இடைவெளியையும் கல்லின் இயற்கைப் பிளவுகளையும் பார்த்து வெடித்தல் வேண்டும். கல் காண்டிராக்டு எடுக்கும் சங்கம் ஒன்று, எந்த அளவுக் கல்லென்று முன்னரே கேட்டறியாவிடில், குன்றும் போம், முதலும் போம்.

வெடிக்காமற்போன தமரைச் சுரண்டுவதும், அதிலேயே மறுபடி துளையிடுவதும் எக்காலும் கூடா. லைசென்ஸு பெற்ற வேட்டுக்காரர் வந்து பார்த்துச் சொல்லும்வரை, கூலியாட்கள் ஒருவரும் அவ்விடத்தை நெருங்கலாகாது.