பிடிலும் பிறப்பும்



லீராய் ஜென்கின்ஸ் என்ற அமெரிக்க பிடில் வித்துவானைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. இவர் 1932-ல் சிக்காகோ நகரத்தில் கருப்பு இனத்தில் பிறந்து, 2007-ல் நியூயார்க்கில் இறந்தவர். அவருடைய வித்தையைப் பற்றிச் சொல்லுமுன் அவர் பிறந்த ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சிக்காகோவில் 1891 முதல் சிம்பனி ஆர்க்கெஸ்டிரா என்னும் உலகப் பிரசித்தி பெற்ற வாத்தியக் குழு நடந்து வருகிறது. அதில் கருப்பு இனத்தவர் ஒருவர் முதன்முதல் அங்கத்தினராக அமர்ந்தது எந்த வருஷம் தெரியுமா? 2002-ம் வருஷம்! அதுவும் பிடிலுக்கல்ல, டிரம்பெட்டுக்கு. அப்பொழுது நமது ஜென்கின்சுக்கு வயது எழுபது. அந்த 111 வருஷ காலமும் அவ்வூர்க் கருப்பு மக்களில் ஒருவனுக்காவது காது கேட்கவில்லையா, விரல் வளையவில்லையா என்று கேட்கிறேன்.

ஜென்கின்ஸ் சிறு பையனாயிருக்கும்போதே பிடில் பிடித்துத் தங்கள் சர்ச்சில் வாசித்தவர். பள்ளிக்கூடத்து பாண்டில் பிடிலுக்கு இடமில்லாததால் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் ஊதினார். பிறகு புளோரிடாவில் கருப்பர்களுக்கென்று ஏற்பட்ட கலாசாலையில் மறுபடியும் பிடிலைக் கையிலெடுத்து, 1961-ல் பட்டம் பெற்று, அலபாமாவில் சில வருஷம் சங்கீத வாத்தியார் வேலை பார்த்தார்.

அவர் 1965-ல் சிக்காகோவுக்குத் திரும்பினார். அவ்வருஷந்தான் அங்குள்ள கருப்பு இன வாத்தியக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். கச்சேரி முதலாளி கூப்பிடுவான் என்று காத்திராமல் தாங்களே கச்சேரி நடத்துவது, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாய்ச் சொல்லிக் கொடுப்பது முதலியவை அதன் வேலை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிறர் பாட்டை வாசிக்காமல் மேடையில் சொந்தச் சரக்கைத்தான் வாசிக்க வேண்டும் என்பது. ஜென்கின்ஸ் சங்கீதம் எழுதுகிறவரானது இங்கேதான்.

1971-ல் நியூயார்க்கில் மூவராகச் சேர்ந்து "புரட்சிக் குழு" என்று பெயர் வைத்துக் கொண்டார்கள். பிடில், பெரிய பாஸ் பிடில், மத்தளங்கள். இவர்களில் பக்கவாத்தியம் என்று ஒருவரும் கிடையாது. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அப்பொழுதைக்கப்பொழுது பதில் வாசிப்பார். வில்லைக் கீச்சிடவும் கரகரக்கவும் விட்டு, அதையும் ஒரு நாதமாகவே வைத்துக் கொண்டார்கள். முதல் தடவை கேட்டால் சிலருக்கு ரம்பம் அறுப்பது போலிருக்கும். எனக்கே எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் இனிமை இன்னதென்று யார் தீர்மானித்தது என்ற கேள்வி அதைக் கேட்டபின் விடுவதில்லை. அக்குழு 1977-ல் கலைந்து, 2004-ல் மறுபடி கூடிற்று.

வேடிக்கை என்னவென்றால், இவர் போன்றவர்கள் எதை எழுதினாலும் பத்திரிகைக்காரர்கள் "ஜாஸ்" என்று சீட்டு ஒட்டி விடுவார்கள். அதே மாதிரி ஓசையை வெள்ளைக்காரர் எழுதினால் அதற்குப் பெயர் "புதிய சங்கீதம்"! சீட்டு ஓசைக்கல்ல, தோலுக்கு. ஜென்கின்ஸ் அதற்காக நிற்கவில்லை. 1990-ல் ஜெர்மனியில் மூனிச் நகரத்தில் அவரது சங்கீத நாடகம் அரங்கேறிற்று. மறுவருஷம் நியூயார்க்கிலும் நடந்தது.

அதே 1991-ல் நியூயார்க்கில் சர்க்கார் கட்டடத்திற்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள் நானூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவ்வூரைத் தங்கள் உழைப்பால் உண்டாக்கிய ஆப்பிரிக்க அடிமைகளின் இடுகாடு அது. நகரத்துக்குள் புதைக்க இடங்கொடாமல் அப்பொழுது எல்லைக்கு வெளியே தள்ளியிருந்தார்கள். மொத்தம் 15,000 பேர் இருக்கலாமென்று மதிப்பிட்டார்கள். ஜென்கின்ஸ் இவர்களைப் பற்றிப் பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த ஒரு பெரிய உருப்படியை எழுதி, 1996-ல் அதே ஊரில் நடத்தினார். எலும்புகளைச் சர்க்கார் மரியாதையோடு திரும்பப் புதைத்தது 2003-ல்.