ஒன்று விழ மற்றதும் விழும்போது
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பொறியியல் துறையில் வேலை செய்யும் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து தயாரித்த உரை இது. எங்களைக் காணும் எவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு குரங்கு பாய்ந்ததுக்கு முழு நாட்டுக்கும் கரண்ட் போகுமா?"

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.30 அளவில் பாணந்துறை உப மின்நிலையத்தில் நடந்ததைத்தான் கேட்கிறார்கள். மின்மாற்றியில் குரங்கு பட்டதென்று அமைச்சர் சொன்னார். ஊரே சிரித்தது, நாங்களும் சிரித்தோம்தான். ஆனால் குரங்கு தொடக்கம் மட்டுமே.

உயர்தர வகுப்பில் நிகழ்தகவு படித்தது நினைவிருக்கும். ஒரு ஊருக்கு இரண்டு மின்வழிகள். ஒவ்வொன்றும் பழுதாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. இரண்டும் சேர்ந்து பழுதாவது? பெருக்கினால் பத்தாயிரத்தில் ஒன்று. ஆனால், ஒன்றின் பழுது மற்றதைப் பாதிக்காது என்றால்தான் இப்படிப் பெருக்கலாம். மின்வழியில் அது நடப்பதில்லை. ஒன்று விழுந்தால் அதன் சுமை முழுவதும் மற்றதன் தலையில். அந்தச் சுமையில் இரண்டு தடவைக்கு ஒரு தடவை அதுவும் விழுமென்று வையுங்கள். இரண்டில் எது முதலில் விழுந்தாலும் இதே கதைதான். கணக்குப் பார்த்தால் இரண்டும் போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. இரண்டாவது வழிக்குச் செலவழித்த காசு வீண்!

2003 ஆகஸ்ட் 14இல் அமெரிக்காவின் ஒஹையோவில் இப்படித்தான் நடந்தது. சுமையில் சூடேறிய கம்பிகள் தொய்ந்து மரங்களில் பட்டன. ஒரு வழி விழ, அதன் சுமை அடுத்ததில் ஏறியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் நின்றது. பெரும்பாலான காப்புக் கருவிகள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன. ஒவ்வொன்றும் தன் இயந்திரத்தைக் காப்பாற்றத் துண்டித்துக்கொண்டது. தனித்தனியே எல்லாம் சரி, மொத்தத்தில் இருள்.

பாணந்துறைக்கு வருவோம். ஞாயிறு, மின்தேவை குறைவு. நல்ல வெயில், சூரியசக்தியின் பங்கு அதிகம். ஆகவே சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் குறைவு. பாரமான சில்லு சட்டென்று நிற்காதல்லவா? அந்தப் பாரம்தான் அதிர்ச்சி வரும்போது மின்னலைவெண் 50 ஹேர்ட்சிலிருந்து விழும் வேகத்தைக் குறைத்து, மற்றக் கருவிகளுக்குச் சில செக்கன் அவகாசம் தரும். அன்று அந்த அவகாசம் போதவில்லை. நாங்கள் தீவு; பக்கத்து நாட்டிலிருந்து தாங்கிப்பிடிக்கக் கம்பித்தொடர்பும் இல்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அன்றிரவுக்குள் வெளிச்சம் வந்தாலும், அவற்றை மீண்டும் ஓட்ட நாட்கள் எடுத்ததால் திங்களும் செவ்வாயும் மின்வெட்டு.

இங்கே இருப்பவர்களில் பலரின் கூரையில் சூரியப் படலம் இருக்கிறது. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் 3 மணிவரை அதை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டபோது பலருக்குக் கோபம். காசு போட்டவர்களின் கோபம் நியாயமானது. இருந்தாலும் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிய நாளில், கூரைகள் எல்லாம் சேர்ந்து அந்தப் பாரமான இயந்திரங்களைத் தள்ளிவிடுகின்றன. மின்கலச் சேமிப்பு பெரிய அளவில் வரும்வரை இந்த வேண்டுகோள் திரும்பவும் வரலாம். வந்தால் எங்கள் வீடுகளில் சுவிட்சை நிறுத்துவோம் என்று எங்களுக்குள் பேசிவைத்திருக்கிறோம்.