அடுப்புக்கு ஒரு வேலி



தளர்நடை போடும் குழந்தைக்கு வீட்டில் மிகவும் பிடித்த இடம் எது? அம்மா இருக்கும் இடந்தான். அம்மா சமையலறையில் இருந்தால் குழந்தையும் அங்கேதான் நிற்கும்.

அடுப்பு என்றதும் நாம் நெருப்பை நினைத்து அஞ்சுகிறோம். ஆனால் சிறு குழந்தைகளைப் பெரும்பாலும் சுடுவது நெருப்பன்று. கொதிநீரும் குழம்பும் தேநீருமே. 60 பாகை செல்சியஸ் சூடுள்ள நீர், பெரியவர்களின் தோலையே சுமார் 5 விநாடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரமும் வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது, அடுப்புக்கு ஒரு தடுப்புச் செய்ய முனைந்தோம். குழந்தையின் உயரம் 80 செண்டிமீட்டர். அடுப்பு மேடை 85 செண்டிமீட்டர். எட்டாது என்றுதான் முதலில் எண்ணினோம். மேடைமேல் ஒரு பொம்மையைக் காட்டினோம். குழந்தை நுனிக்காலில் நின்று கையை நீட்டியது. விரல்கள் மேடைக்கு மேலே ஏறக்குறைய 10 செண்டிமீட்டர் உயர்ந்துவிட்டன! கண்ணுக்குத் தெரியாத சட்டியின் பிடி, கைக்கு எட்டுகிறது. அளக்க வேண்டியது குழந்தையின் உயரத்தையன்று, அதன் கை எட்டும் தொலைவை என்று அறிந்துகொண்டோம்.

முதலில் ஒட்டுப்பலகையால் செய்தோம். சில நாள்களில் சூட்டில் கருகிய வாடை வந்தது, கழற்றிவிட்டோம். அடுத்து இரும்புக் கம்பிகளால் செய்தோம். கம்பிகளின் இடையே சின்னக் கை நுழைந்தது. மூன்றாவதாக எவர்சில்வர் தகட்டை 25 செண்டிமீட்டர் உயரத்தில் வெட்டி, கை கிழிக்காதபடி விளிம்பை மடித்து, மேடையின் ஓரத்தில் திருகாணிகளால் இறுக்கினோம். தீக்குக் காற்றுத் தடைபடாமல் இடைவெளியும் விட்டோம். பலங்கொண்டு இழுத்துப் பார்த்தோம்; அசையவில்லை.

வேலை முடிந்தது என்றிருந்தோம். ஒருநாள் எங்கள் தாயார் குழம்புச் சட்டியை அந்தத் தகட்டுக்கு மேலாகத் தூக்கி இறக்கும்போது, கை தடுமாறிக் குழம்பு தரையில் கொட்டியது. நல்லவேளை, அப்போது குழந்தை காலடியில் இல்லை. தடுப்பு குழந்தையின் கையை நிறுத்தும். மேலிருந்து விழும் குழம்பை நிறுத்தாது. அடுப்பருகே வேலி போட்டால் மட்டும் போதாது, சமையலறை வாசலிலும் போட வேண்டும் என்று அன்றுதான் விளங்கியது.

இப்போது வாசலில் ஒரு சிறு கதவு இருக்கிறது. கால் வைத்து ஏற முடியாதபடி அதற்கு நெட்டுக் கம்பிகள் மட்டுமே. குழந்தை அப்பால் நின்று அம்மாவைப் பார்க்கலாம், பேசலாம். உள்ளே வர முடியாது. வாசலில் கதவு வைக்க வசதி இல்லாதவர்கள், சமைக்கும் நேரத்தில் குழந்தையை வேறொருவர் பொறுப்பில் விடலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கவே கூடாது. கூடியவரை பின்னடுப்பில் சமைப்போம். சட்டியின் பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்போம்.

இவ்வளவுக்கும் மீறிச் சுட்டுவிட்டால்? உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் புண்ணின்மீது ஓடவிட வேண்டும். பற்பசை, கிச்சாப், பனிக்கட்டி எதையும் வைக்கக் கூடாது. காயம் பெரிதென்றால் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

நேயர்களே, இன்று சமையல் தொடங்குமுன் உங்கள் குழந்தையின் கை எதுவரை எட்டுகிறது என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.